மேடையை மக்களிடம் கொடுப்பதற்கு முன்

பிரேசிலின் வடகிழக்குப் பகுதியில் ஒரு நாடகம். நிலத்துக்காக ரத்தம் சிந்துவோம் என்று துப்பாக்கியை உயர்த்திப் பாடினார்கள், நகரத்திலிருந்து வந்த நடிகர்கள். ஆட்டம் முடிந்ததும் விர்ஜீலியோ என்ற விவசாயி வந்து, துப்பாக்கிகளோடு தங்களுடன் கிளம்பச் சொன்னார். எல்லாம் மேடைக்காகச் செய்த போலித் துப்பாக்கிகள் என்று அவரிடம் சொல்ல வேண்டியதாயிற்று. குழுவின் இயக்குநர் அகஸ்தோ போவால் கூனிக்குறுகிப் போனார். தான் ஏற்கத் துணியாத ஆபத்தை இனி யாருக்கும் உபதேசிப்பதில்லை என்று முடிவெடுத்தார்.

ராணுவ ஆட்சி 1971இல் அவரைக் கைதுசெய்து சித்திரவதை செய்தது. பிறகு நாட்டைவிட்டு வெளியேறிய அவர், 1973இல் பெரு நாட்டின் எழுத்தறிவு இயக்கத்தில் வேலை செய்தபோது, பார்வையாளரே எழுந்து வந்து கதையை மாற்றும் விவாத அரங்கு உருவானது. அதை உங்கள் ஊரில் நடத்தப்போகிறீர்கள் என்றால், இவற்றை மனத்தில் வையுங்கள்.

செய்ய வேண்டியவை

• கதையை ஊர்க்காரர்களிடமே கேளுங்கள். பேசத் தயங்கினால் உடலால் காட்டச் சொல்லுங்கள். கூலி கேட்டு நிற்பவர் எப்படி நிற்கிறார் என்று சிலைபோல நின்று காட்டட்டும். வாய் மறைப்பதைத் தோள் சொல்லிவிடும்.

• நாடகத்தைத் தோல்வியில் முடியுங்கள். நியாயம் வென்றுவிட்டால் பார்ப்பவர் கைதட்டிவிட்டுப் போய்விடுவார். தோற்றால்தான் அவருக்கு எழுந்து வரத் தோன்றும்.

• விதிகளை முதலிலேயே சொல்லிவிடுங்கள். முதல்முறை முழுதாக ஆடுவோம். இரண்டாம் முறை யார் வேண்டுமானாலும் ‘நிறுத்துங்கள்’ என்று சொல்லி, ஒடுக்கப்படுபவரின் இடத்தில் நின்று வேறு வழியை முயன்று பார்க்கலாம்.

• எதிராளியாக நடிப்பவரை நன்றாகப் பழக்குங்கள். கூலி கேட்கும் கதை என்றால், மேஸ்திரி கணக்கு நோட்டிலிருந்து தலை நிமிர்த்தாமலே “நாளைக்கு வா” என்கிறார். அழுதாலும் அதே பதில், சத்தம் போட்டாலும் அதே பதில். நான்கு பெண்கள் சேர்ந்து வந்து நின்றால்தான் அவர் பேனாவைக் கீழே வைக்கிறார். அவர் எங்கே இளகுகிறார், எங்கே இளகவில்லை என்பதில்தான் ஊர் பாடம் படிக்கிறது.

• ஆட்டம் முடிந்தபின்னும் ஊரோடு இருங்கள். மேற்கு வங்கத்தில் 1985இல் சுந்தரவனப் பகுதியில் தொடங்கிய ஜன சம்ஸ்கிருதி குழுவின் பலமே, ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போவதுதான். பின்னாளில் நாடு திரும்பிய போவால், ரியோ மாநகராட்சியில் 1993 முதல் 1996 வரை உறுப்பினராக இருந்தார். அப்போது நாடகங்களில் மக்கள் சொன்ன யோசனைகளிலிருந்து 13 சட்டங்கள் நிறைவேறின.

செய்யக்கூடாதவை

• தீர்வை நீங்கள் சொல்லாதீர்கள். ஆட்டத்தை நடத்துபவருக்குப் போவால் வைத்த பெயர் ஜோக்கர். சீட்டுக்கட்டில் எந்த இனத்திலும் சேராத சீட்டு. அவர் வேலை கேள்வி கேட்பது மட்டுமே: “இது நடக்குமா? மறுநாள் என்ன ஆகும்?”

• கொடுமைக்காரரை மாற்றி நடிக்க விடாதீர்கள். மேஸ்திரி திடீரென்று நல்லவராகிவிட்டால் கூலிப் பிரச்சினை மேடையில் தீரும், வயலில் தீராது.

• அவர்கள் சொல்வதை உங்கள் வசதிக்குத் திருத்தாதீர்கள். பெருவில் ஆட்டத்தைப் பார்த்த ஒரு பெண், ஏமாற்றிய கணவரோடு மனைவி ‘தெளிவாகப் பேச வேண்டும்’ என்றார். நடிகை எப்படிப் பேசிக் காட்டியும் அவர் திருப்தி அடையவில்லை. கடைசியில் அவரையே அழைத்தார்கள். மேடையேறியவர் துடைப்பத்தை எடுத்துக் கணவராக நடித்தவரை விளாசிவிட்டார். ‘தெளிவாக’ என்று அவர் சொன்னதன் பொருள் அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. அவரை மேடையேற்றியிராவிட்டால் அது விளங்கியே இருக்காது.

• யாரையும் கையைப் பிடித்து இழுத்து மேடையேற்றாதீர்கள். கூட்டத்தின் கடைசியில் அவருடைய முதலாளி நின்றுகொண்டிருக்கலாம்.

• ஒருவரின் கதையை ஊரே அடையாளம் கண்டுகொள்ளும்படி ஆடாதீர்கள். தொழிலை மாற்றுங்கள், உறவை மாற்றுங்கள். அவர் சம்மதித்த பிறகே ஆடுங்கள்.

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்பு குழுவாக உட்கார்ந்து ஒரு கேள்விக்குப் பதில் தேடுங்கள்: இன்று மேடையில் பேசப்போகும் பெண் நாளைக் காலை மேஸ்திரி முன் போய் நிற்கும்போது, அவருடன் யார் இருப்பார்கள்? பதில் கிடைக்கவில்லை என்றால் ஆட்டத்தைத் தள்ளிவையுங்கள். நால்வராகச் சேர்ந்து நிற்க அவருக்குத் தேவையான அந்த மூன்று பேரை முதலில் தேடுங்கள்.