அடைமழைக்கு முன் அடைக்க வேண்டிய வளைகள்

ஆயுத பூஜைக்கு மறுநாள் எந்தக் கடைத்தெருவிலும் இதைப் பார்க்கலாம். நடுரோட்டில் உடைத்த திருஷ்டிப் பூசணி, வாசலெங்கும் சிதறிய பொரி, ஓரமாகச் சாய்ந்து கிடக்கும் வாழைக்கன்று. குப்பை வண்டி வந்து அள்ளும்வரை அத்தனையும் பெருச்சாளிக்குப் படையல். அதை அடுத்து தீபாவளிப் பலகாரம். இந்தச் சமயத்தில்தான், அக்டோபர் 20-ஐ ஒட்டி, வடகிழக்குப் பருவமழையும் தொடங்கும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி இந்தப் பருவத்தில்தான் கொட்டுகிறது. வடிகால் ஓரத்திலும் காலி மனையிலும் தண்டவாளக் கரையிலும் உள்ள வளைகளில் தண்ணீர் ஏறும். எலிகள் அதில் மூழ்கிச் செத்துவிடும் என்று எண்ண வேண்டாம். அவை நன்றாக நீந்தும், மேடு தேடி வரும். நம் ஊர்களில் மேடு என்றால் வீட்டு அஸ்திவாரம், கடை வாசல் சாய்தளம், காம்பவுண்டு சுவரை ஒட்டிய செடிப் பாத்தி. ஆகவே மண் காய்ந்திருக்கும் இந்தச் சில வாரங்களுக்குள் வேலையை முடித்துவிட வேண்டும்.

வளையைக் கண்டதும் ஒரு சட்டி சிமெண்டைக் குழைத்து ஊற்றுவதுதான் பெரும்பாலோர் வழக்கம். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. உள்ளே எலி இருக்கும்போது வாயை மட்டும் அடைத்தால் இரண்டடி தள்ளி இன்னொரு வாய் திறக்கும். வளைக்கு எப்போதும் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. சிலவற்றின் மேல் மண் லேசாக மூடியிருப்பதால் நம் கண்ணில் படாது. கண்ணாடிச் சில்லைக் கொட்டுவது இன்னும் மோசம். எலி அதை மண்ணோடு வெளியே தள்ளிவிடும், மிதிப்பது நம் வீட்டுப் பிள்ளைதான். முதலில் தீனியை நிறுத்த வேண்டும், பிறகு எலியைக் குறைக்க வேண்டும், அதற்கப்புறம்தான் வளையை அடைக்க வேண்டும். வரிசை மாறினால் செலவு செய்த பணம் வீண்.

எந்த எலி என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பரணிலும் ஓட்டுக்கடியிலும் இரவில் ஓடுவது வீட்டெலி. அது பெரும்பாலும் மண் தோண்டாது, அதற்குச் செய்ய வேண்டியவை வேறு. தரையைத் தோண்டுவது பெருச்சாளியும் அதன் இனத்தைச் சேர்ந்த சிறிய வரப்பு எலியும். வரப்பு எலி தோண்டிய மண்ணைக் குவியலாக வெளியே தள்ளும், பல நேரம் வளை வாயையும் அதே மண்ணால் மூடிவிடும். ஓட்டையே இல்லை, மண்மேடு மட்டும் இருக்கிறது என்றால் அதன் கைவேலை என்று வைத்துக்கொள்ளலாம். பெருச்சாளியின் வளை திறந்தே இருக்கும், ஒரு தேங்காய் உள்ளே போகிற அளவு அகலத்தில்கூடப் பார்க்கலாம். வளர்ந்த பெருச்சாளியோடு மோதப் பூனைகள் பெரும்பாலும் விரும்புவதில்லை. பூனை வளர்த்தால் போதும் என்பவர்கள் இதையும் கணக்கில் கொள்ளட்டும்.

இனி, காலை வெளிச்சத்தில் வீட்டையோ கடையையோ ஒரு சுற்று வாருங்கள். செப்டிக் டேங்க் விளிம்பு, தண்ணீர்த் தொட்டியின் மூடியோரம், ஏசி வெளிப்பெட்டியின் அடி, ஜெனரேட்டர் மேடை, பழைய செங்கலும் மரச்சட்டமும் அடுக்கிய மூலை, கடை வாசலில் வண்டி ஏற்றப் போட்ட சாய்தளத்தின் இரு பக்கம் ஆகியவற்றைத் தவறவிடாதீர்கள். பேவர் பிளாக் ஓரிடத்தில் மட்டும் இறங்கியிருந்தால், கீழே மண் போய்விட்டது என்று பொருள். கழிவுநீர்க் குழாய் போகும் தடத்தில் திரும்பத் திரும்ப வளை விழுந்தால் எலி மருந்துக்காரரைக் கூப்பிடும் முன் பிளம்பரைக் கூப்பிடுங்கள். குழாய் இணைப்பு விட்டிருக்கலாம். எலி குழாய்க்குள்ளிருந்தே வருகிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே எதைச் செய்தாலும் நிற்காது.

கண்டுபிடித்த எல்லா வளையிலும் எலி இருக்காது. வாயில் சிலந்தி வலை, உதிர்ந்த இலை, காய்ந்து இறுகிய மண் இருந்தால் அது பழைய வளை. பொடிப்பொடியான ஈர மண், உடம்பு உரசி வழவழப்பான விளிம்பு, பக்கத்தில் அரை அங்குலத்துக்கு மேல் நீளமான புழுக்கை இருந்தால் உள்ளே ஆள் உண்டு. சந்தேகமா? சாயங்காலம் ஒவ்வொரு வாயிலும் கசக்கிய செய்தித்தாளைக் குச்சியால் தள்ளி மூடுங்கள். காலையில் எது திறந்திருக்கிறதோ அதைச் சுண்ணாம்பால் குறித்து வையுங்கள். கையை மட்டும் எந்த வளைக்குள்ளும் விடக்கூடாது. எலி வளையில் நல்ல பாம்பு தங்குவது கிராமத்துக்கு மட்டும் உரிய சமாச்சாரமல்ல.

தீனியை நிறுத்துவது சொல்வதற்கு எளிது. நாய்க்கு வைத்த சோறு, புறாவுக்கு இறைத்த அரிசி, கோழிக்கூண்டின் அடியில் சிந்திய தீவனம் எல்லாம் பொழுது சாய்வதற்குள் எடுக்கப்பட வேண்டும். காக்கைக்குச் சோறு வைப்பதை யாரும் நிறுத்த வேண்டாம். பகலில், காக்கை தின்று தீர்க்கும் அளவுக்கு வையுங்கள். டீக்கடைக்காரர்கள் டீத்தூள் சக்கையையும் எச்சில் வடையையும் பின்பக்கச் சாக்கடையில் தட்டுவதை விட்டாலே தெருவில் பாதி வளை குறையும் என்பது என் கணிப்பு. மளிகைக் கடையிலும் அரிசி மண்டியிலும் மூட்டையைத் தரையில் போடாமல் கட்டைமேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்குங்கள். பின்னால் விளக்குமாறு போக வழி வேண்டும். உணவு வியாபாரிகளுக்கு இது விருப்பம் சார்ந்ததல்ல. எலி, பூச்சிக் கட்டுப்பாடு உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் நிபந்தனைகளில் ஒன்று.

பிறகு பொறி. எலி புதிய பொருளைக் கண்டால் ஒதுங்கும். கூண்டை வைத்த அன்றே விழவில்லையென்று அலுத்துக்கொள்ளாமல், மூன்று நான்கு நாள் கதவைக் கட்டித் திறந்தே வைத்து, உள்ளே கருவாடோ தேங்காய்ச் சில்லோ மசால் வடையோ போட்டுத் தின்னப் பழக்குங்கள். அதற்குப் பிறகு கொக்கியை மாட்டுங்கள். ஒன்றல்ல, நாலைந்து கூண்டு ஒரே இரவில் வேண்டும், சுவரோரமாக, குறித்து வைத்த வளைக்குப் பக்கத்தில். வீட்டெலிக்கான சின்ன மரப்பொறியில் பெருச்சாளி அடங்காது. பெரிய இரும்புக் கூண்டு வாங்குங்கள். பிடித்ததை அடுத்த தெருவில் திறந்துவிடுவது தீர்வல்ல, அடுத்த தெருக்காரரும் அதையே செய்வார். பசை அட்டை வேண்டாம். எலி மணிக்கணக்கில் துடித்துச் சாகும், அணிலும் ஓணானும்கூட ஒட்டிக்கொள்ளும். இந்திய விலங்கு நல வாரியமும் அதைத் தடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது.

மருந்து விஷயத்தில் அவசரமே கூடாது. 2024 நவம்பரில் சென்னையை ஒட்டிய குன்றத்தூர் பகுதியில் வீட்டுக்குள் எலி மருந்து வைத்த இரவு, ஏசி போட்ட அறையில் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்த செய்தி நினைவிருக்கும். மருந்தை வைத்தவர்கள் அந்தத் தொழிலில் இருப்பவர்கள்தான். அலுமினியம் பாஸ்பைடு காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயுவை விடும். அது பொதுமக்களுக்கு விற்கக்கூடாத பொருள். வீட்டை ஒட்டிய வளையில் போட்டால் அஸ்திவார விரிசல் வழியாக வாயு அறைக்குள் வரும். துத்தநாக பாஸ்பைடும் எலியின் வயிற்றில் அதே வாயுவாக மாறித்தான் கொல்கிறது. அதற்கு மாற்று மருந்து கிடையாது. மஞ்சள் பாஸ்பரஸ் பசைக்குத் தமிழ்நாட்டில் தடை உண்டு. பழைய டியூப் பரணில் கிடந்தால் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள்.

வீட்டுப் பக்கம் மருந்து வைத்தே ஆக வேண்டும் என்றால் புரோமாடியோலோன் மெழுகுக் கட்டிதான் கொஞ்சம் பரவாயில்லை. ரத்தம் உறைவதைத் தடுத்துக் கொல்வதால் எலி சாகச் சில நாள் ஆகும், மற்ற எலிகளுக்குச் சந்தேகம் வராது; மனிதர் தவறித் தின்றாலும் வைட்டமின் கே1 கொடுத்து மருத்துவமனையில் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது. ஆனால் திறந்த தரையில் வைக்காதீர்கள், வளைக்குள் உருட்டியும் விடாதீர்கள். எலி அதை வெளியே தள்ளிவிடும், காலையில் குழந்தையோ நாயோ எடுக்கும். பூட்டும் பெட்டிக்குள், கம்பியில் கோத்து வையுங்கள். செத்த எலியைக் கையுறையோடு எடுத்து ஆழப் புதையுங்கள். மருந்து தின்ற எலியைத் தின்னும் ஆந்தையும் கூகையும் சேர்ந்து சாகின்றன. ஆள் வைத்துச் செய்வதானால் பூச்சி மருந்துச் சட்டப்படியான உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள், எந்த மருந்து என்று தாளில் எழுதி வாங்குங்கள். தவறி யாராவது உட்கொண்டால் உப்புத் தண்ணீர், முட்டை என்று கைவைத்தியம் பார்க்காமல் 108-ஐக் கூப்பிட்டு, மருந்தின் உறையையும் எடுத்துக்கொண்டு போங்கள். மஞ்சள் பாஸ்பரஸ் என்றால் முதல் நாள் வாந்தி நின்றதும் வீடு திரும்பக்கூடாது. கல்லீரல் கெடுவது அதற்குப் பிறகுதான் தெரியும்.

தொடர்ந்து நாலைந்து காலை செய்தித்தாள் கலையாமல் இருக்கிறதா? இப்போது கடப்பாரையை எடுக்கலாம். வளையை வாயோடு விடாமல் அது போகும் தடத்தைத் தோண்டி இடித்து, மண்ணைக் கெட்டித்து, சுவரோரத்தில் ஜல்லியும் சிமெண்டும் போடுங்கள். திரும்பத் திரும்பத் தோண்டும் இடமென்றால் இரண்டடி ஆழத்துக்கு வெல்டு மெஷ் இறக்கி, அடியில் ஓரடி வெளிப்பக்கமாக மடக்கிவிடுங்கள். சுவரை ஒட்டித் தோண்டும் எலி அந்த மடிப்பில் முட்டி நிற்கும். வடிகால் வாய்க்கு இரும்பு வலை, ஷட்டருக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடுக்குக்குத் தகடு. ஒரு விரல் அகலம் இருந்தாலும் எலி நுழைந்துவிடும். நாப்தலின் உருண்டை, மிளகாய்ப்பொடி, ஒலி எழுப்பி விரட்டுவதாக விற்கும் கருவி எதற்கும் காசு செலவழிக்க வேண்டாம்.

டெல்டாவில் வயலை ஒட்டி வீடு இருப்பவர்களுக்கு இன்னொரு வேலை. சம்பா பயிர் பொதி கட்டும் முன் தஞ்சாவூர் கிட்டி என்னும் எலிப்பொறியை வைத்து வரப்பு எலியைக் குறைத்தால்தான், தை அறுவடைக்குப் பின் அவை வீட்டுப் பக்கம் வருவது குறையும். இதை ஊரே ஒரே வாரத்தில் செய்ய வேண்டும். தெருவுக்கும் அதே நியாயம்தான். நீங்கள் மட்டும் செய்தால் பக்கத்து மனையிலிருந்து மாதத்துக்குள் புது எலி குடியேறும்.

மழை பிடித்த பிறகு, எலிப் புழுக்கையை உலர்ந்தபடி பெருக்காமல் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் நனைத்துத் துடையுங்கள். தேங்கிய நீரில் இறங்கியே தீர வேண்டும் என்றால் கம்பூட் போடுங்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள சிறு கீறல் வழியாகவே எலிக்காய்ச்சலைத் தந்துவிடும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு தெரியும். முற்றினால் மஞ்சள் காமாலையும் சிறுநீரகச் செயலிழப்பும் வரலாம். தொடக்கத்தில் பிடித்துவிட்டால் டாக்சிசைக்ளின் போன்ற சாதாரண ஆன்டிபயாடிக்கே கேட்கும், ஆனால் அதை டாக்டர்தான் எழுதித் தர வேண்டும். மழைக்காலத்தில் காய்ச்சல் என்று போனால், தண்ணீரில் நடந்ததையும் வீட்டைச் சுற்றி எலி இருப்பதையும் அவர் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.