மறவாமை என்னும் மரபு



நாள்தோறும் காலையில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து உங்கள் பெயர்களை அழைக்கிறார். நீங்கள் மறுமொழி கூறுகிறீர்கள். இராணுவத்திலும் இவ்வழக்கம் உண்டு. அத்தகைய ஒரு பெயரழைப்பை இன்றளவும் மறவாத படைப்பிரிவு ஒன்று கனடா நாட்டில் உள்ளது. அதுவே ராயல் நியூபவுண்ட்லாந்து ரெஜிமென்ட்.

நியூபவுண்ட்லாந்து அட்லாண்டிக் பெருங்கடலிலுள்ள ஒரு தீவு. மீன்பிடித் தொழிலே அதன் மக்களுக்கு வாழ்வளித்தது. 1914-இல் முதல் உலகப் போர் மூண்டபோது அது கனடாவுடன் இணைந்திருக்கவில்லை. மீனவர், மரம் வெட்டுவோர், எழுத்தர் எனப் பலரும் தாமே முன்வந்து படையிற் சேர்ந்தனர். காலிற் சுற்றும் பட்டிக்குக் காக்கித் துணி கிடைக்காமையால், முதலிற் சென்ற ஏறத்தாழ 500 பேரும் நீலத் துணியையே சுற்றிக்கொண்டனர். 'நீலப்பட்டியினர்' என்பது பின்னர் அவர்களின் பெருமைக்குரிய பெயராயிற்று.

1916 ஜூலை 1-ஆம் நாள், பிரான்சு நாட்டின் போமோன் ஹாமெல் என்னும் சிற்றூருக்கு அருகே, காலை 9.15 மணிக்கு ஏறத்தாழ 800 வீரர்கள் பதுங்குகுழியிலிருந்து வெளியேறி முன்னேறினர். பகைவரின் இயந்திரத் துப்பாக்கிகள் அவர்களை வீழ்த்தின. ஏறத்தாழ அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. மறுநாள் பெயர் அழைக்கப்பட்டபோது மறுமொழி கூறியோர் 68 பேர் மட்டுமே! மற்றவருள் பெரும்பாலோர் மாண்டனர், அல்லது காயமுற்றனர், அல்லது காணாமற்போயினர்.

1917-இல் இப்படைக்கு 'ராயல்' என்னும் பட்டம் வழங்கப்பட்டது. போருக்குப் பின் கலைக்கப்பட்ட இது, 1949-இல் அத்தீவு கனடாவுடன் இணைந்தபின் சேமப் படையாக மீண்டும் அமைக்கப்பட்டது. சேமப் படையினர் பலர் தத்தம் தொழிலையோ கல்வியையோ கவனித்துக்கொண்டே, மாலையிலும் வார இறுதியிலும் பயிற்சி பெறுபவர்கள்.

இப்படையின் சின்னம் கேரிபு என்னும் பனிநாட்டு மான். போர் நிகழ்ந்த நிலம் விலைக்கு வாங்கப்பட்டு, 1925-இல் நினைவுப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அங்கே வெண்கலக் கேரிபு நிமிர்ந்து நிற்கிறது, பதுங்குகுழிகளும் பாதுகாக்கப்படுகின்றன. ஜூலை 1 கனடாவின் தேசிய நாள். ஆயினும் நியூபவுண்ட்லாந்து மக்கள் அன்று காலையில், 'என்னை மறவாதே' எனப் பொருள்படும் பெயருடைய சிறு நீலப்பூவை அணிந்து அஞ்சலி செலுத்துகின்றனர். 2024 ஜூலை 1 அன்று, பெயர் அறியப்படாத அத்தீவு வீரர் ஒருவரின் உடல் பிரான்சிலிருந்து கொணரப்பட்டுத் தலைநகர் செயின்ட் ஜான்சில் அடக்கம் செய்யப்பட்டது.

மாணவர்களே, போர் கொடியது. அதை நாம் விரும்பலாகாது. ஆனால், மாண்டவரை மறவாத மக்களின் பண்பு போற்றத்தக்கது. காடழித்துத் தோட்டம் உண்டாக்கிய உங்கள் பாட்டன், பூட்டனின் பெயர்களை நீங்கள் அறிவீர்களா? இன்றிரவே பெற்றோரிடம் கேட்டு ஏட்டில் எழுதி வையுங்கள்.