மாடலைப் பார்க்காதே, வண்டியைப் பார்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய இரண்டு வண்டிகளின் படங்களையும் பார்த்தேன். 1995 மாடல் காஸ்ட் அயர்ன் புல்லட் ஒன்று, 2010 மாடல் தண்டர்பேர்டு ட்வின்ஸ்பார்க் ஒன்று. தூரப் பயணத்துக்கு எது நல்லது என்று கேட்டிருக்கிறாய். இரண்டும் திருவொற்றியூர் தொழிற்சாலையில் பிறந்தவை. இரண்டும் 346 சிசி, 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக். ஆனால் இத்தனை வயதான வண்டியில் கம்பெனி செய்து கொடுத்தது பாதிதான். மீதியை இதுவரை ஓட்டியவர்கள் செய்திருப்பார்கள், அல்லது கெடுத்திருப்பார்கள். அதனால் மாடல் பெருமையை ஓரமாக வைத்துவிட்டு இந்த இரண்டு வண்டிகளையும் பக்கத்தில் நின்று பார்.

காஸ்ட் அயர்ன் வண்டி எனக்கு மிகவும் பிடித்தது. 65, 70 வேகத்தில் நாள் முழுக்க ஓடும். அதற்கு மேல் விரட்டினால் நடுக்கம் கையிலும் இடுப்பிலும் ஏறும். கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். நீ இடது கால் கியரிலேயே பழகியவன், அவசரத்தில் கால் தடுமாறும். இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை நம்பியே இறங்கினால் டிரம் சூடேறிப் பிடிப்பு குறைந்துவிடும். கியரைக் குறைத்து எஞ்சின் பிடிப்பில்தான் இறங்க வேண்டும். எஞ்சின், கியர் பாக்ஸ், பிரைமரி செயின் என மூன்று இடத்தில் எண்ணெய் பார்க்க வேண்டும். இக்னிஷன் பாயின்ட்டைச் சுத்தம் செய்து இடைவெளி வைக்க நீயே பழக வேண்டும்.

ட்வின்ஸ்பார்க்கில் இந்த வேலைகள் பெரும்பாலும் இல்லை. ஐந்து கியர், இடது காலில். முன்னால் டிஸ்க். டேப்பட் ஹைட்ராலிக், கை வைக்க வேண்டாம். 80க்கு மேலும் நிம்மதியாகப் போகும். செல்ஃப் அடிக்கும்போது ‘கரக்’ சத்தம் வருகிறதா என்று மட்டும் கேள். பலவீனமான பேட்டரியோடு செல்ஃப் அடித்தே ஓட்டிய வண்டிகளில் ஸ்ப்ராக் கிளட்ச் போயிருக்கும், அது செலவு.

பார்க்கப் போகும்போது காலையிலேயே போ. முதலில் எஞ்சின் மேல் கை வை. சூடாக இருந்தால் நீ வருமுன்னே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஆறும்வரை காத்திரு, இல்லையேல் மறுநாள் வருவதாகச் சொல். ஸ்டார்ட் ஆனதும் கொஞ்ச நேரம் நீலப்புகை வந்து நின்றால் வால்வ் பக்கம் எண்ணெய் இறங்குகிறது. ஆக்சிலேட்டரை முறுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங், போர் வேலை இருக்கிறது. பிறகு சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன் சக்கரம் தரையில் படாமல் பின்னால் ஒருவரை அழுத்தச் சொல். ஹேண்டில்பாரை ஒரு விரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாகத் தள்ளு. நடுவில் ஓரிடத்தில் ‘டக்’கென்று உட்கார்ந்தால் கோன் செட் தேய்ந்திருக்கிறது, அந்த வண்டி நெடுஞ்சாலையில் நேராகப் போகாமல் அலையும். பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டி ஸ்விங் ஆர்ம் புஷ்ஷைப் பார். புல்லட்டில் ஹெட்லைட் போட்டு ஆக்சிலேட்டர் கொடு, ஆம்மீட்டர் முள் பிளஸ் பக்கம் நகர வேண்டும். டயரில் பட்டன் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாதே. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். அந்த டயர் கல்லாகியிருக்கும்.

ஆர்.சி.யைக் கவனித்தாயா? முதலில் 15 ஆண்டு, பிறகு ஐந்து ஐந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். கணக்குப் போட்டால் இரண்டு வண்டிக்கும் கெடு 2025. எஃப்.சி., பசுமை வரி எல்லாம் முடித்துக் கையில் ஆர்.சி. தந்தால்தான் பணம் என்று உறுதியாகச் சொல். சேசிஸ் நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடு.

நீ வேலை நாளெல்லாம் அலுவலகத்தில் இருப்பவன். கிடைக்கும் இரண்டு நாளில் வால்பாறை, மூணாறு என்று ஓடப்போகிறவன். இதுவரை ஸ்பார்க் பிளக்கைக்கூட நீ கழற்றியதில்லை. உனக்கு ட்வின்ஸ்பார்க்தான் சரி. புல்லட் வாங்கினால் போக வேண்டிய ஞாயிறுகளில் பாதி அதைத் திறந்து பார்ப்பதில் போகும். அந்த வேலையில் உனக்கு உண்மையிலேயே ஆசை வந்தால் பிறகு வாங்கலாம், நானே உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்.

கையிலிருக்கும் பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாதே. டயர், செயின் ஸ்ப்ராக்கெட், கேபிள், பெட்ரோல் ஹோஸ் இவற்றுக்கு ஒதுக்கி வை. இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் சீக்கிரம் வீங்கி வெடிக்கிறது. ஹோஸை முதல் நாளே மாற்று.

புல்லட்காரர் அட்வான்ஸ் கேட்டு நெருக்குவதாக உன் அம்மா சொன்னாள். தண்டர்பேர்டை நேரில் பார்க்கும்வரை ஒரு ரூபாயும் கொடுக்காதே. என்று போகிறாய் என்று முன்தினமே போன் போடு, நானும் வருகிறேன்.

அன்புடன்,
மாமா