புதிய கோழிகளைப் பழக்குதலும் பழைய கோழிகளுடன் சேர்த்தலும்

சந்தையில் வாங்கிய கோழியை அன்று மாலையே வீட்டுக் கோழிகளுடன் ஒரே கூட்டில் அடைத்துவிடுவது கிராமங்களில் சாதாரணமாகக் காணப்படும் வழக்கமாகும். இதனால் இருவகை நஷ்டம் உண்டாகிறது. புதிய கோழி கொண்டுவந்த வியாதி பழைய கோழிகளைப் பற்றுகிறது. பழைய கோழிகள் புதியதைக் கொத்தி விரட்டுகின்றன. சுமார் ஒன்றரை மாதகாலப் பொறுமையினால் இவ்விரு நஷ்டங்களையும் பெரும்பாலும் தவிர்த்துக்கொள்ளலாம். அதற்குரிய முறை மூன்று படிகளைக் கொண்டது.

1. தனித்து வைத்தல்

கோழிகளுக்கு வரும் வியாதிகளுள் மிகக் கொடியது வெள்ளைக்கழிச்சல். இது 1926ல் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்திலுள்ள நியூகாசில் நகரத்திலும், 1927ல் குமாவுன் மலைநாட்டைச் சேர்ந்த இராணிக்கெட்டிலும் கண்டறியப்பட்டது. ஆதலின் இந்தியாவில் இதற்கு இராணிக்கெட் நோய் என்னும் பெயரும் வழங்குகிறது. நோய்க்கிருமி உடலிற் புகுந்தபின் அறிகுறி தோன்றச் சாதாரணமாக 5 அல்லது 6 நாட்களும், சிலவேளைகளில் 15 நாட்கள் வரையும் ஆகும். ஆகவே வாங்கும் சமயத்தில் சுறுசுறுப்பாயிருக்கும் கோழியும் நோய் பற்றியதாக இருக்கலாம். தடுப்பூசி போடாத கோழிகளிடையே இந்நோய் புகுந்தால் சில நாட்களுக்குள் கூடு முழுவதும் வெறுமையாகிவிடக்கூடும்.

இக்காரணத்தால் புதிய கோழிகளை 30 நாட்கள் வரையில் தோட்டத்தின் மறுகோடியில் தனிக் கூட்டில் வைத்தல் வேண்டும். தீனிப் பாத்திரமும் தண்ணீர்ப் பாத்திரமும் தனியாக இருத்தல் அவசியம். நாள்தோறும் பழைய கோழிகளைக் கவனித்த பின்னரே புதியவற்றிடம் செல்ல வேண்டும்; திரும்பியதும் கைகால்களைக் கழுவிக்கொள்ள வேண்டும். பச்சை நிறக் கழிச்சல், வாயைத் திறந்து மூச்சுவாங்குதல், கழுத்துத் திருகுதல் ஆகியவை தென்பட்டால் உடனே கால்நடை மருத்துவருக்கு அறிவித்தல் நலம். இறக்கையின் கீழும் எச்சத்துவாரத்தைச் சுற்றியும் செள், பேன் உண்டா என்று பார்த்தலும் வேண்டும். தடுப்பூசி போடாத கோழிகளாயின், பழையவற்றிற்கும் புதியவற்றிற்கும் சேர்க்குமுன்பே போட்டுவிட வேண்டும். ஊசியின் பலன் உண்டாக ஏறக்குறைய இரண்டு வாரம் செல்லும்.

2. பழக்குதல்

தனித்து வைக்கும் காலம் வீண்காலமன்று. மனிதனிடம் அஞ்சும் கோழி மாலையில் கூட்டிற்கு வராது; புதரில் முட்டையிடும்; நோயுற்றாலும் கைக்கு அகப்படாது. கோழிக்குப் பருந்தின் அச்சம் இயல்பானது. மேலிருந்து நீளும் கை அதற்குப் பருந்தைப் போலவே தோன்றும். ஆகையால் முதல் வாரத்தில் கோழியைப் பிடிக்க முயலாமல், தீனியை வைத்துவிட்டுச் சற்று விலகி உட்கார்ந்திருத்தல் போதும். நாள்தோறும் ஒருவரே, குறித்த வேளையில், ஒரே குரலில் அழைத்துத் தீனியிட வேண்டும். இரண்டாம் வாரத்தில் கரையானையோ குருணையையோ உள்ளங்கையில் வைத்துத் தரையோடு தாழ்வாக நீட்டலாம். கோழி தானாக வந்து கொத்தும் வரையில் கையை அசைத்தல் கூடாது. சில நாட்கள் இவ்வாறு உண்ட பின்னரே மெல்லத் தொடலாம். கையை நெஞ்சின் கீழ்க் கொடுத்துத் தூக்க வேண்டும். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினால் பல நாள் உழைப்பு ஒரு நொடியில் வீணாகும்.

3. சேர்த்தல்

கோழிகளுக்குள் மேல்கீழ் வரிசை உண்டு. நார்வே தேசத்தவரான ஷெல்டெரூப்-எப்பே என்பவர் இதனை ஆராய்ந்து 1920களின் தொடக்கத்தில் வெளியிட்டார். மேலுள்ளது கீழுள்ளதைக் கொத்தும், கீழுள்ளது விலகிக்கொள்ளும். புதிய கோழி வந்தால் இவ்வரிசை குலைந்து சண்டை மூளுகிறது. ஆதலால் சில கொத்துக்கள் நேர்வது இயற்கை. இரத்தம் வராமற் காப்பதே வளர்ப்பவரின் கடமை.

30 நாட்கள் நோயின்றிக் கழிந்தபின் புதியவற்றைக் கம்பிவலைத் தடுப்புக்கு அப்பால், அல்லது பஞ்சாரத்தில், பழையவை காணும்படி ஒரு வாரம் வைக்க வேண்டும். தடுப்பின் இருபுறமும் அருகருகே தீனியிடுதல் நல்லது. பின்பு இருட்டியதும், கோழிகள் அடங்கியிருக்கையில், புதியவற்றைக் கூட்டிற்குள் கழியின்மேல் அமர்த்த வேண்டும். மறுநாள் விடியுமுன் அங்கே ஒருவர் இருத்தல் அவசியம். சண்டை அப்போதுதான் தொடங்கும். ஒரு கோழியைத் தனியே விடுவதினும் இரண்டு மூன்றைச் சேர்த்து விடுதல் மேல். தீனியை இரண்டு மூன்று இடங்களில் வைத்தால் எளிய கோழியும் பட்டினியின்றி உண்ணும். வளர்ந்த சேவல்கள் இரண்டை ஒரே கூட்டில் விடலாகாது. காயமுற்ற கோழியை உடனே பிரித்து, மஞ்சளை வேப்பெண்ணெயிற் குழைத்துப் பூசி, ஆறியபின் மறுபடியும் சேர்க்கலாம். இரத்தத்தைக் கண்டால் மற்றவை விடாமற் கொத்தும்.

கிராம அதிகாரிகளுக்கு

ஒரு வீட்டுக் கோழிநோய் ஊர்நோயாவது பெரும்பாலும் சந்தையின் வழியாகவே. நோய் கண்டதும் எஞ்சிய கோழிகளை அவசரமாக விற்றுவிடுவதே இதற்குக் காரணம். அவ்வாறு விற்பதைத் தடுத்தலும், இறந்தவற்றைக் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தொலைவில் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்கச் செய்தலும், கால்நடை மருத்துவருக்குத் தெரிவித்தலும் அதிகாரிகளால் ஊருக்கு ஆகும் பேருதவியாம்.

ஒரு கோழியின் விலை சிறிது. அதனால் இழக்கக்கூடியதோ கூடு முழுவதும். காத்திருக்கும் நாட்களுக்குச் செலவு ஒரு பஞ்சாரமும் சிறிது தீனியுமே என்பதைக் குடியானவர்கள் மனத்திற்கொள்வார்களாக.