பிள்ளைக்கு நீச்சல்: படி தாண்டாமல் பழக்குவோம்



நமது மலையகத்தில் தண்ணீர் இல்லாத தோட்டம் கிடையாது. லயத்துக்குப் பின்னால் ஓடை, பீலிக்குக் கீழே மடு, மரக்கறித் தோட்டத்தில் தோண்டி வைத்த தண்ணிக் குழி, பள்ளத்தில் ஆறு. காசல்ரீ, மவுசாக்கலை, கொத்மலை நீர்த்தேக்கங்களைச் சுற்றியிருக்கும் தோட்டங்களில் வாசலில் நின்றாலே தண்ணீர் தெரியும்.

"ஆத்துப் பக்கம் போகாதேன்னு புள்ளகிட்ட சொல்லித்தான் வச்சிருக்கோம் ஐயா" என்று பெற்றோர் எங்களிடம் சொல்வதுண்டு. சொல்லி வைப்பது நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. தடுத்த இடத்துக்குப் பிள்ளை ஒளித்துப் போகும். ஒளித்துப் போன இடத்தில் காப்பாற்ற ஆளிருக்காது. ஆகவே சின்னப் பிள்ளைக்குக் காவல், வளர்ந்த பிள்ளைக்குப் பயிற்சி என்று இரண்டையும் நாம் செய்ய வேண்டும்.

ஏன் இந்தப் பாடம்?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை. அதே 2021இல்தான் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஜூலை 25ஆம் திகதியை நீரில் மூழ்குவதைத் தடுக்கும் உலக தினமாக அறிவித்தது.

பங்களாதேஷில் வீட்டுக்கு வீடு குளம் உண்டு. அங்கே கிராமங்களில் இரண்டு வேலை செய்தார்கள். தாய்மார் வேலையில் இருக்கும் காலை நேரத்தில் 1 முதல் 4 வயது வரையான பிள்ளைகளை ஒரு பராமரிப்பு நிலையத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு, ஊர்க் குளத்திலேயே மூங்கிலால் தட்டும் வேலியும் அமைத்து, உயிர் காக்கும் நீச்சல் பழக்கினார்கள். 25 மீற்றர் நீந்த வேண்டும், 30 செக்கன் தண்ணீரில் தாக்குப்பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் அவர்கள் வைத்த அளவு. இரண்டு வேலையாலும் பிள்ளைகளின் மரணம் பெருமளவு குறைந்ததாக 2012இல் வெளியான ஆய்வு காட்டியது.

இதில் முதல் வேலைக்கான இடம் நம் தோட்டங்களில் ஏற்கனவே இருக்கிறது. அதுதான் பிள்ளைக்காம்பரா. மலைக்குப் போகும் தாய் பிள்ளையை அங்கே விட்டுப் போனால் அந்த நேரம் பிள்ளைக்குக் காவல் உண்டு. அது பூட்டியிருக்கும் ஞாயிற்றுக்கிழமை, போயா தினம், துணி துவைக்கப் போகும் நேரம், திருநாள் கூட்டம் ஆகியவைதான் நாம் விழிக்க வேண்டிய வேளைகள். அந்த வேளையில் "எல்லாரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். இன்னார்தான் பார்க்க வேண்டும் என்று ஒருவரைப் பேர் சொல்லி நிறுத்துங்கள். நிறுத்தியவர் போனை மடியில் வைத்துக்கொண்டு இருக்கக் கூடாது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை தண்ணீருக்குக் கிட்ட இருந்தால், பெரியவர் கை நீட்டித் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும். வீட்டில் பீப்பாய்க்கு மூடி, வாளியைக் கவிழ்த்து வைத்தல், குழிக்கு வேலி ஆகியவையும் காவல்தான்.

எங்கே, யாரிடம் பழக வேண்டும்?

சுமார் 6 வயதிலிருந்து முறையான நீச்சல் பாடம் தொடங்கலாம். பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும். ஓடாத தண்ணீர், பிள்ளையின் இடுப்பளவு ஆழம், அடித்தளம் தெரிந்த இடம் வேண்டும். நீர்த்தேக்கத்தில் பழக்கவே கூடாது. கரையோரம் முழங்கால் ஆழம் இருக்கும். இரண்டடி தள்ளினால் ஆளை விழுங்கும் ஆழம் இருக்கும். பெற்றோர் தாங்களாகவே பழக்குவதானால் கீழே சொல்லும் முதல் இரண்டு படியோடு நிறுத்துங்கள். அவற்றை வீட்டுப் பேசனிலும் பீலியடியிலுமே செய்யலாம்.

ஆறு படிகள்

முதலாம் படி: முகத்தில் தண்ணீர். பீலியில் குளிக்கும்போது தலையில் ஊற்றும் தண்ணீர் முகத்தில் வழியட்டும். பிள்ளை உடனே கண்ணைத் துடைக்காமல், அழாமல் நின்றால் இந்தப் படி முடிந்தது.

இரண்டாம் படி: மூச்சு. பேசனில் தண்ணீர் வைத்து, வாயை உள்ளே அமிழ்த்தி 'புர்ர்ர்' என்று குமிழி விடப் பழக்குங்கள். வெளியே மூச்சை இழுக்க வேண்டும், தண்ணீருக்குள் விட வேண்டும். சும்மா விளையாட்டுப் போலத் தெரியும். ஆனால் தண்ணீரில் மூச்சை அடக்கித் திணறும் பிள்ளைக்கு மற்றப் படி எதுவும் வராது. பயிற்சி முடிந்தவுடன் பேசன் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

மூன்றாம் படி: இறங்குதல், எழும்புதல், ஏறுதல். இங்கிருந்து ஆசிரியரின் வேலை. கரையில் உட்கார்ந்து, காலை முதலில் விட்டு இறங்க வேண்டும். தலைகீழாகப் பாய்வது கூடவே கூடாது. இடுப்பளவு தண்ணீரில் தடுக்கி விழுந்தால் முழங்காலை மடித்துக் காலை ஊன்றி எழும்ப வேண்டும். பிறகு யாரும் தூக்கிவிடாமல் கரையைப் பிடித்துத் தானாக ஏற வேண்டும். நீந்தத் தெரிந்தும் ஏறத் தெரியாத பிள்ளை பாதிப் பாடம்தான் படித்தது.

நாலாம் படி: மல்லாந்து மிதத்தல். இதுவே ஆறு படியிலும் பெரிய படி. காது தண்ணீருக்குள் இருக்க, கண் வானத்தைப் பார்க்க, வயிறு மேலே நிற்க வேண்டும். ஆசிரியர் ஒரு கையைப் பிடரிக்கும் ஒரு கையை முதுகுக்கும் கொடுப்பார். பிறகு முதுகுக் கையை எடுப்பார், பிறகு பிடரியில் இரண்டு விரல், பிறகு ஒன்றுமில்லை. கையை எடுக்கும்போது பிள்ளைக்குச் சொல்லிவிட்டே எடுக்க வேண்டும். ஒரு தரம் ஏமாந்த பிள்ளை அடுத்த தரம் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடாது. 30 செக்கன் அமைதியாக மிதந்தால் தேறியது.

ஐந்தாம் படி: காலடித்தலும் கரை பிடித்தலும். கையை முன்னே நீட்டி, முகத்தை உள்ளே வைத்து, கரையை நோக்கிச் சறுக்க வேண்டும். பிறகு காலடித்து வர வேண்டும். பிறகு நடுவில் புரண்டு மல்லாந்து மூச்செடுத்து, மறுபடி கவிழ்ந்து கரைக்கு வர வேண்டும். 'விழு, புரள், மித, கரை பிடி, ஏறு' என்று பிள்ளை வாயால் சொல்லிக்கொண்டே பழகட்டும்.

ஆறாம் படி: 25 மீற்றரும் 30 செக்கனும். எந்த நீச்சல் முறையானாலும் நிற்காமல் 25 மீற்றர் நீந்த வேண்டும். கால் எட்டாத ஆழத்தில், ஆசிரியர் பக்கத்தில் இருக்க, 30 செக்கன் தாக்குப்பிடிக்க வேண்டும். கடைசியாக, சட்டையும் காற்சட்டையும் போட்டபடி ஒரு தரம் செய்து பார்க்க வேண்டும். தவறி விழும் பிள்ளை நீச்சல் உடுப்போடு விழுவதில்லை.

அடுத்த படிக்கு எப்போது அனுப்புவது?

ஒரு நாள் சரியாகச் செய்ததை வைத்து ஏற்றிவிடக் கூடாது. வெவ்வேறு மூன்று நாளில், யாரையும் பிடிக்காமல், முகத்தில் பயம் இல்லாமல் செய்தால் ஏற்றலாம். இரண்டு வாரம் விட்டுப்போனால் ஒரு படி கீழிருந்து தொடங்குங்கள். அக்கா இரண்டு நாளில் மிதந்தாள், தம்பிக்கு இரண்டு மாதம் ஆகும். அது குற்றமில்லை. "பக்கத்து லயத்துப் பொடியனைப் பாரு" என்று ஒப்பிட்டுப் பேசினால் பிள்ளை பயத்தை மறைத்துக்கொள்ளும். தண்ணீரில் மறைத்த பயம் ஆபத்து.

"தூக்கிப் போட்டா தானா நீந்திரும், நாங்க அப்படித்தான் பழகினோம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அப்படிப் பிழைத்தவர்கள்தான் இன்று அதைச் சொல்ல இருக்கிறார்கள். பிள்ளையைத் தூக்கிப் போடாதீர்கள். காற்றடித்த டியூபையும் கட்டிவிட்ட வெறுங்கேனையும் நம்பாதீர்கள். அவை நழுவும், நழுவாவிட்டாலும் பிள்ளைக்கு இல்லாத தைரியத்தைக் கொடுக்கும்.

நம் மலைத் தண்ணீர் குளிர். 20 நிமிடம், கூடினால் அரை மணி நேரம் போதும். நடுங்கினாலோ உதடு நீலமானாலோ உடனே வெளியே எடுத்துத் துவட்டி, சூடாக ஏதாவது குடிக்கக் கொடுங்கள். காதில் சீழ் வடியும் பிள்ளையை ஆறும்வரை இறக்க வேண்டாம். வலிப்பு உள்ள பிள்ளைக்கு டொக்டரின் ஆலோசனையும், அவனுக்கென்றே ஓர் ஆளும் வேண்டும்.

பெண் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். துணி துவைக்கவும் தண்ணி எடுக்கவும் ஓடைக்குப் போவது பெரும்பாலும் அவர்கள்தான். டீசேட்டும் நீளக் காற்சட்டையும் போட்டுப் பழகலாம். பெண் ஆசிரியர் வேண்டுமென்றால் கூச்சப்படாமல் கேளுங்கள்.

தேறிய பிள்ளைக்கும் சட்டம் உண்டு

தடாகத்தில் 25 மீற்றர் நீந்தியவன் ஆற்றை வென்றவன் அல்ல. இந்த நாலு சட்டத்தையும் பிள்ளை மனப்பாடம் செய்யட்டும்:

1. பெரியவரிடம் கேட்காமல், தனியாக, தண்ணீரில் இறங்க மாட்டேன்.
2. இங்கே வெயில் அடித்தாலும் மேல்மலையில் மழை பெய்தால் ஆறு திடீரென்று பெருகும். தண்ணீர் கலங்கினாலோ, இலை தழை மிதந்து வந்தாலோ உடனே ஏறிவிடுவேன்.
3. அணைக்குக் கீழே ஆற்றில் இருக்கும்போது வான்கதவு சைரன் கேட்டால் பொருளை விட்டுவிட்டு மேட்டுக்கு ஓடுவேன்.
4. அருவியடிப் பாசிப் பாறையில் ஏறவோ பாயவோ மாட்டேன்.

ஒரு பிள்ளை மூழ்கினால்

மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்தாது. தலை பின்னே சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில் நிற்கும், கை தண்ணீரை அமுக்கும், சத்தம் வராது. ஒரு நிமிடத்துக்குள் உள்ளே போய்விடலாம். அதனால் சத்தத்துக்குக் காத்திருக்காமல் கண்ணால் பாருங்கள்.

காப்பாற்றப் பாயாதீர்கள். பாய்ந்தவரையும் சேர்த்து இழந்த குடும்பங்கள் உண்டு. உரக்கக் கத்தி ஆளைக் கூப்பிடுங்கள். கரையில் படுத்து நீளக் கம்பை நீட்டுங்கள். எட்டாவிட்டால் கயிறு, சேலை, மூடி இறுக்கிய வெறுங்கேன் ஆகியவற்றை எறியுங்கள். இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

வெளியே எடுத்த பிள்ளையைத் தலைகீழாகச் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். அதில் போகும் நேரம் உயிருக்கான நேரம். மூச்சு இல்லையென்றால் மல்லாத்தி, தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து, நாடியை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து 5 தரம் ஊதுங்கள். பிறகும் அசைவில்லையென்றால் நெஞ்சின் நடுவில் வேகமாக 30 தரம் அமுக்கி, 2 தரம் ஊதுங்கள். உதவி வரும்வரை இதை விடாமல் செய்யுங்கள். ஒருவர் இதைச் செய்யும்போது இன்னொருவர் 1990 இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்சை வரச் சொல்லட்டும். கண் விழித்து எழுந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். சில மணி நேரம் கழித்தும் மூச்சு முட்டலாம். தோட்டத்தில் முதலுதவி வகுப்பு நடந்தால் லயத்துக்கு ஒருவராவது வந்து கையால் செய்து பழகுங்கள். வாசித்தது மட்டும் அந்த நேரத்தில் கைகொடுக்காது.

பிள்ளைகளோடு உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்

1. தண்ணீரில் விழுந்தால் முதலில் என்ன செய்வாய்?
2. கூட்டாளி மூழ்கினால் பாய்வாயா? வேறு என்ன செய்வாய்?
3. ஆறு பெருகப் போகிறது என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வாய்?
4. அம்புலன்சுக்கு எந்த இலக்கம்?
5. வருகிற ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும் இடத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்ப்பது யார்?

ஐந்தாவது கேள்வி பெரியவர்களுக்கு. அதற்கு ஒரு பேர் பதிலாக வர வேண்டும். இந்தக் கிழமையே அந்தப் பேரை முடிவு செய்துவிடுங்கள்.