பள்ளிக்கூடத்து வன்முறையும் நம் கையிலுள்ள தராசும்



நிறுவையில் மோசம் செய்வோரைக் கண்டிக்கத் திருக்குர்ஆனில் தனி அத்தியாயமே உண்டென்பதை வியாபாரிகளாகிய நாம் நன்கறிவோம். அந்தக் கண்டிப்பு அரிசிக்கும் சீனிக்கும் மட்டும் உரியதன்று. பிள்ளைகளுக்கு நேரும் கொடுமையைக் கேட்டு நாம் காட்டும் கோபத்துக்கும் அது பொருந்தும். பள்ளிகளில் நடக்கும் வன்முறை பல விதம். ஊரும் பத்திரிகையும் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி குரல் கொடுப்பதில்லை. நான்கு விதங்களைப் பிரித்துப் பார்த்தால் இது விளங்கும்.

முதலாவது, கத்தி. 2025 அக்டோபர் 14ஆம் தேதி பண்டார் உத்தாமாவில் ஓர் இடைநிலைப் பள்ளியில் 16 வயது மாணவி குத்திக் கொல்லப்பட்டாள். அதே பள்ளியின் 14 வயது மாணவன் மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. அன்றைக்கே நாடு முழுதும் செய்தி பரவிற்று. பள்ளிக்குக் காவல் போதுமா, சிறுவர்களுக்குச் சமூக ஊடகம் தகுமா என்று மந்திரிசபை வரை பேச்சு எழுந்தது. தானா ராத்தா கடைத்தெருவிலும் தேயிலைத் தோட்டத்து லயங்களிலும் சில நாள் வேறு பேச்சில்லை. கத்தி ஒரு நிமிஷத்தில் பாய்வது. ஆகவே அது செய்தியாகிறது.

இரண்டாவது, பகடிவதை. இது ஒரு நிமிஷத்தில் நடப்பதன்று, மாதக்கணக்கில் நடப்பது. ஆகவே எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை. சபா மாநிலம் பாப்பாரில் ஒரு சமயப் பள்ளி விடுதியருகே விழுந்து கிடந்த 13 வயது மாணவி 2025 ஜூலை 17ஆம் தேதி ஆஸ்பத்திரியில் மரணமடைந்தாள். பகடிவதை நடந்ததா என்ற கேள்வி அதன் பிறகுதான் பெரிதாக எழுந்தது. ஊர்வலங்கள் நடந்தன. ஆகஸ்டில் கபுரைத் தோண்டி ஜனாஸாவை எடுத்துப் பிரேதப் பரிசோதனை செய்தார்கள். இதற்கிடையில் அந்தப் பிள்ளையைத் துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் போட்டார்கள் என்றொரு வதந்தி கைப்பேசிகளில் பரவியது. பரிசோதித்த டாக்டர் அதை மறுத்தார். முதலில் நாம் கேட்கவில்லை. பிறகு கேட்டதையெல்லாம் நம்பினோம். இரண்டும் குறைந்த நிறுவைதான்.

மூன்றாவது, கற்பிப்பவரின் கைப்பிரம்பு. இந்நாட்டுப் பள்ளி ஒழுங்கு விதிகள் 1959ஆம் வருஷத்தவை. அவற்றின்படி பிரம்படி கொடுக்கத் தலைமையாசிரியருக்கும், அவர் அதிகாரம் கொடுத்த ஆசிரியருக்கும் மட்டுமே உரிமை. பெண் பிள்ளைகளை அடிக்கவே கூடாது. அப்படியிருந்தும், வாத்தியார் அடித்தார் என்று பிள்ளை சொன்னால், “நீ என்ன செய்தாய்?” என்பதே நம் வீடுகளில் முதல் கேள்வி. 2017 ஏப்ரலில் ஜொகூர் கோத்தா திங்கியில் ஒரு தஹ்பீஸ் மாணவன், வயது 11, கால்கள் அகற்றப்பட்டுப் பின் மரணமடைந்தான். உதவி வார்டன் அடித்தார் என்பது புகார். அப்போது ஒரு சாரார் நியாயம் கேட்டார்கள். இன்னொரு சாரார், “இதைப் பேசினால் மார்க்கக் கல்விக்கு இழுக்கு” என்றார்கள். பிள்ளையின் வலியை மூடி வைப்பதால் மார்க்கத்துக்கு என்ன கண்ணியம்? அனஸ் (ரலி) அவர்கள் சிறு வயதிலிருந்து பத்தாண்டு நபி (ஸல்) அவர்களுக்குப் பணி செய்தவர்கள். அந்தப் பத்தாண்டில் ஒரு கடுஞ்சொல்லும் கேட்டதில்லை என்று அவர்களே அறிவித்திருக்கிறார்கள். பிரம்புக்கு மார்க்கத்தைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

நான்காவது, நெருப்பு. 2017 செப்டம்பர் 14ஆம் தேதி கோலாலம்பூர் கிராமாட் பகுதியில் ஒரு தஹ்பீஸ் பள்ளி எரிந்து 23 பேர் மாண்டார்கள். தூங்கிக் கொண்டிருந்த பிள்ளைகளால் வெளியே வர முடியவில்லை. முதலில் ஜன்னல் கம்பிகளையும் வழியில்லாத கட்டடத்தையும் பற்றிப் பேச்சு நடந்தது. இளைஞர்கள் தீ வைத்தார்கள் என்று போலீஸ் சொன்னதும், பேச்சு அவர்கள் பக்கமாகவும் போதைப்பொருள் பக்கமாகவும் திரும்பியது. தீ வைத்தவன் குற்றவாளி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் குற்றவாளி பிடிபட்டான் என்பதற்காகத் திறவாத கதவு திறந்து விடாது.

கோபம் மாத்திரம் போதாது என்பதற்குத் தாயகத்தில் ஒரு பாடம் உண்டு. 2022 ஜூலையில் கள்ளக்குறிச்சி அருகே கனியாமூரில் தனியார் பள்ளி மாணவி ஒருத்தி மரணமடைந்தாள். நான்கு நாள் கழித்துக் கூட்டம் பள்ளிக்குள் புகுந்து பேருந்துகளைக் கொளுத்திற்று. மற்றப் பிள்ளைகளின் சான்றிதழ்களும் எரிந்தன. ஒரு பிள்ளைக்காக எழுந்த கோபம் நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் தலையில் விழுந்தது.

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன? கேமரன் மலையிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் கீழே விடுதிகளுக்குப் படிக்கப் போகிறார்கள். மதரஸாக்களுக்கு சதக்கா கொடுப்பவர்களும் நிர்வாகக் குழுக்களில் அமர்பவர்களும் பெரும்பாலும் நம் போன்ற கடைக்காரர்களே. மொத்தக் கடையில் சரக்கு எடுக்கும்போது மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் நாம் பணம் கொடுப்பதில்லை. அப்படியே ரசீது வாங்குமுன் நான்கு கேள்வி கேட்போம். இரவில் பிள்ளைகளோடு தங்குபவர் யார்? தூங்கும் அறைக்கு எத்தனை வழி, சாவி யாரிடம்? பிள்ளை பெற்றோரோடு தனியாகப் பேச முடியுமா? அடிபட்ட பிள்ளை யாரிடம் சொல்ல வேண்டும்?

இதே கேள்விகளைத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கும் அரசாங்கப் பள்ளிக்கும் கேட்போம். நம் பிள்ளை அடிபட்டால் ஒரு குரல், நம் பிள்ளை அடித்தால் வேறொரு குரல் என்பது வேண்டாம். வாரம் ஒரு முறையாவது கல்லாவை விட்டு எழுந்து, “பள்ளியில் உன்னை யாராவது நோகடித்தார்களா? நீ யாரையாவது நோகடித்தாயா?” என்று பிள்ளையிடம் கேட்போம். இரண்டாவது கேள்வியை மறந்துவிட வேண்டாம்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவரையும் காத்தருள்வானாக. ஆமீன்.