ஒரு கமாவின் விலை

கேள்வி: ஆங்கிலத்தில் மூன்று நான்கு பொருள்களை அடுக்கி எழுதும்போது, கடைசியில் வரும் 'ஆண்ட்', 'ஆர்' சொற்களுக்கு முன்னால் கமா போடலாமா? கூடாது என்றுதான் பள்ளியில் படித்தேன்.
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: தாராளமாகப் போடலாம். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் அப்படித்தான் போடுகிறது. அதனால்தான் 'ஆக்ஸ்ஃபோர்டு கமா' என்று பெயர். அது இல்லாமல் போனால் வழக்கே வரலாம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், கூடுதல் நேர ஊதியம் தர வேண்டாத வேலைகளின் சட்டப் பட்டியலில் இந்தக் கமா விடுபட்டிருந்தது. கடைசியில் இருந்த 'பொட்டலம் கட்டுதல்', 'விநியோகம்' இரண்டும் தனித்தனி வேலைகளா, விநியோகத்துக்காகப் பொட்டலம் கட்டும் ஒரே வேலையா? ஒரே வேலைதான் என்று ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவன ஓட்டுநர்கள் வழக்காடினார்கள். அப்படியானால் விநியோகம் அந்தப் பட்டியலில் வராது; விநியோகிப்பவர்கள் அவர்கள்தானே! 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2018இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. பத்திரிகைகள் பலவும் இந்தக் கமாவைத் தவிர்ப்பது உண்மைதான். பொருள் மயங்கும் இடத்தில் நீங்கள் தயங்காமல் போடுங்கள்.